நிமிராத முழங்கை

அன்று மாலை அந்த முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், ஆய்வாளரின் அக்கா, அக்காவின் கணவர், ஆய்வாளரின் தம்பி, இவர்களில் யாருக்கும் உறவில்லாத மளிகைக்கடைக்காரர். பின்னாளில் தெருவில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அது பொய். இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

மளிகைக்கடைக்காரரை ஆய்வாளர் தாமே கடைக்குப் போய் அழைத்து வந்திருந்தார். தொலைக்காட்சிக்கு நேர் எதிரே, தாம் வழக்கமாக உட்காரும் கைவைத்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தார். தாம் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். ஸ்டூலில் சாய இடமில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. அவர் முதுகு எதிலும் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

"என்ன சார், இவ்வளவு மரியாதை பண்றீங்க? எனக்கே பயமா இருக்கு" என்றார் கடைக்காரர்.

"நீங்க பார்க்கணும். அதுக்குத்தான்."

ஆய்வாளர் பதவியில் இருந்த காலத்தில் ஒரு நாள் இந்தக் கடைக்காரரின் தராசுத் தட்டுக்கு அடியில் ஈயத்துண்டு ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் கெஞ்சவில்லை. கடை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "கோணக் கையை வெச்சிக்கிட்டு என் தராசு கோணல்னு சொல்ல வந்துட்டீங்களா சார்?" கடையே சிரித்தது. ஆய்வாளர் தராசுக்கு முத்திரை வைத்தார், வழக்குப் போட்டார், அபராதம் கட்ட வைத்தார். அந்தச் சிரிப்புக்கு மட்டும் அவரால் முத்திரை வைக்க முடியவில்லை. கடை கடையாக அது அவருக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. அவர் உள்ளே நுழைந்தால் கடைப்பையன்கள் தங்கள் முழங்கையை மடக்கிக் காட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கையின் கதை இதுதான். வேலைக்கு வருவதற்கு முன் அவர் சுழல்பந்து வீச்சாளராக இருந்தார். சாதாரண வீச்சாளர் அல்ல. தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டம் வரைக்கும் போனவர். அந்த ஆட்டத்தில் எதிரணியில் ஆடிய ஓர் இளைஞனின் ஸ்டம்பை அவர் பந்து பெயர்த்தது. அந்த இளைஞன் வெளியேறும் வழியில் நடுவரிடம் நின்று, "அவன் எறியறான் சார், உங்களுக்குத் தெரியலையா?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பந்து வீசும்போது மடங்கிய முழங்கையை நிமிர்த்தினால் அது வீச்சு அல்ல, எறிதல். கிரிக்கெட்டில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. திருடன் என்றால்கூடத் துடைத்துக்கொள்ளலாம். அடுத்த ஓவரில் நடுவர் கையை நீட்டி நோ-பால் என்றார். அதற்கடுத்த பந்துக்கும் நீட்டினார். அதற்கடுத்த பந்துக்கும். ஆய்வாளர் பந்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பிறகு அவர் விளையாடவில்லை.

அவர் முழங்கை பிறவியிலேயே மடங்கியது. அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அவருக்கு மகள் பிறந்தபோது தாதி கையை நீட்டிப் பார்த்து, "இதுவும் உங்க கைதான்" என்று சொல்லித்தான் குழந்தையைக் கொடுத்தாள். அந்தக் கை மடங்கியிருக்குமே தவிர நிமிராது. நிமிராத கை எறிவது எப்படி? அந்தக் காலத்தில் அதை அளந்து காட்ட யாரிடமும் கருவி இல்லை. கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தது, போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று ஸ்டம்பைப் பறிகொடுத்த இளைஞன் பிறகு தேசிய அணிக்குப் போனான், தலைவனும் ஆனான். இன்றைக்கும் அவரைக் 'கேப்டன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றபின் அவர் தொலைக்காட்சியில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார்.

'தொப்பி உனக்கு' என்பது அந்த நிகழ்ச்சியின் பெயர். முன்னாள் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இளம் பிள்ளைகள் வந்து ஆடிக் காட்டுவார்கள். பிடித்துப்போனவர்களின் தலையில் தங்கள் தொப்பியை எடுத்து வைத்து, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். வாராவாரம் ஒருவர் தோற்பார். தோற்றவர் அந்தத் தொப்பியைக் கேமரா முன்னால் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்ற இருவர் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜனங்கள் பார்த்தது கேப்டனின் வாய்க்காகத்தான். "தம்பி, நீ பேட்டை வீட்ல வெச்சிட்டு வந்திருந்தாலும் இதே ரன்தான் வந்திருக்கும்" என்பார். பையனின் உதடு துடிக்கும். கேமரா அந்த உதட்டுக்குப் பக்கத்தில் போகும். வீட்டுக்கு வீடு சிரிப்பார்கள்.

மகள் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்றாள். அவளும் சுழல்பந்துதான் போடுவாள். அந்தக் கையால்தான் போடுவாள்.

"அந்த ஆள் முன்னாடி என் பொண்ணு போய் நிக்கிறதா? என்னை உயிரோட புதைச்சிட்டுப் போ."

"அங்க கையை அளக்குறாங்கப்பா. உடம்புல புள்ளி ஒட்டி, சுத்தி கேமரா வெச்சு அளக்குறாங்க."

'அளக்குறாங்க' என்ற சொல் ஆய்வாளரை உட்கார வைத்தது. வாழ்நாள் முழுக்க அவர் நம்பியது அந்த ஒன்றைத்தான். ஆட்கள் பொய் சொல்வார்கள், தராசும் பொய் சொல்லும், ஆனால் சரியாக அளந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மகளின் கையும் தம் கையும் ஒன்று. மகளின் கை சுத்தம் என்று உலகம் பார்க்க அளந்தால் தம் கையும் சுத்தம். தாமும் கூட வருவதாகச் சொன்னார்.

படப்பிடிப்பு ஒரு பெரிய கொட்டகையில் நடந்தது. உள்ளே பச்சை விரிப்பும் வலைகளும் இருந்தன. வெளியே கேபிள்களும் காகிதக் கோப்பைகளும் கிடந்தன. ஒரு பெண் வந்து அவர் நெற்றியில் பவுடர் ஒற்றினாள். அவர் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டார். காதில் கருவி மாட்டிய இயக்குநர் அம்மாள் வந்து, "சார், நீங்க நடிக்கவே வேண்டாம். மனசுல என்ன வருதோ அது முகத்துல வந்தா போதும்" என்றாள்.

மகள் பந்து வீசினாள். புள்ளிகள் ஒட்டிய அவள் கை திரையில் கோடுகளாகச் சுழன்றது. அளவெடுக்கும் நிபுணர் நிதானமாகச் சொன்னார்: "கை மடங்கித்தான் இருக்கு. ஆனா எந்த இடத்துலயும் நிமிரலை. நிமிரவே முடியாது, எலும்பு அப்படி. சுத்தமான வீச்சு."

ஆய்வாளர் தாமாக எழுந்து சட்டைக் கையை மேலே சுருட்டினார். "என்னையும் அளங்க."

நிபுணர் சிரித்துக்கொண்டே முழங்கையில் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதே கைதான் சார், அச்சு அசல்" என்றார்.

அப்போது கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்தார். மெதுவாக நடந்துவந்து ஆய்வாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உங்க கை சுத்தம். இத்தனை வருஷம் நீங்க சுமந்தது என்னோட பொய். என்னை மன்னிச்சிருங்க."

குரல் உடைந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. தகப்பன் சாவுக்கு அழாத ஆய்வாளர், பெற்ற பெண்ணின் முன்னாலும் முன்பின் தெரியாதவர்கள் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். கைகூப்பினார். கூப்பிய கை கோணலாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதில் அவருக்கு வெட்கமில்லை.

கேப்டன் மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு இந்த வருஷம் தொப்பி இல்லைம்மா. நல்லா போடுறே. இன்னும் ஒரு வருஷம் உழைச்சிட்டு வா."

ஆய்வாளர் அப்போதும் அழுதுகொண்டிருந்தார்.

"சூப்பர்!" என்று கை தட்டினாள் இயக்குநர். "எல்லாரும் அப்படியே இருங்க. இப்ப அடுத்த முடிவை எடுத்துடலாம்."

அடுத்த முடிவா? ஆய்வாளருக்குப் புரியவில்லை. கேப்டன் ஒரு கோப்பையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே விளக்கினார். கண்ணில் ஈரம் காய்ந்திருந்தது. "எல்லாருக்கும் ரெண்டு எடுப்பாங்கண்ணே. தொப்பி குடுத்து ஒண்ணு, குடுக்காம ஒண்ணு. முடிவு வெளியில கசியக் கூடாதுல்ல? எது வரப் போகுதுன்னு எனக்கே தெரியாது."

"அதான் அளந்தாச்சே?"

"அளந்தது அளந்ததுதான், யாரு இல்லேன்னது? இது சும்மா."

"சும்மா எதுக்கு?"

"அப்பா, நின்னுடுங்கப்பா" என்றாள் மகள். "எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

இரண்டாவது தடவை கேப்டன் எழுந்து வரவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி பேசினார். "இந்தப் பொண்ணோட கை சுத்தம். ஆனா இவ அப்பா கையை நான் நேருக்கு நேரா பார்த்தவன். அவர் எறிஞ்சார். அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். அப்பா வெச்ச கறையைத் துடைக்க வந்திருக்கா இந்தப் பொண்ணு. இந்தா, என் தொப்பி." முதல் தடவை எவ்வளவு உண்மையாகப் பேசினாரோ அவ்வளவு உண்மையாக இதையும் பேசினார்.

ஆய்வாளர் கல்லாக நின்றார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

"சார், கொஞ்சம் ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள் இயக்குநர்.

அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பரவால்ல விடுங்க, நமக்கு வேண்டியது இருக்கு" என்று அவள் யாரிடமோ சொன்னாள்.

வெளியே வரும்போது நடைபாதையில் கேப்டன் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்து நிறம் துணியில் வந்தது. ஆய்வாளர் நின்றார். அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அன்னைக்கு நிஜமாவே எறிஞ்சேன்னு நினைச்சீங்களா?"

"அட, இல்லண்ணே." கேப்டன் கழுத்தைத் துடைத்தார். "தேர்வு ஆட்டத்துல டக் அவுட். ஒரு காரணம் வேண்டாமா? வாயில வந்ததைச் சொன்னேன். நீங்கதான் ரோஷப்பட்டுக்கிட்டு பந்தை வெச்சிட்டுப் போயிட்டீங்க. நின்னு நாலு பேச்சுப் பேசியிருந்தா நானே மறந்திருப்பேன்." அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அறையில் இயக்குநர் மகளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள்.

"என்ன சொன்னாங்க?" என்று வண்டியில் கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா. எப்ப போடுவாங்கன்னு சொன்னாங்க."

ஒளிபரப்புக்கு முந்திய அந்த வாரங்களில் ஆய்வாளர் வேறு ஆளாக இருந்தார். சட்டையைத் தாமே இஸ்திரி போட்டுக்கொண்டார். நிகழ்ச்சியில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று வாங்கிய வாக்கை அவர் மீறவில்லை. ஆனால், "பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எது ஒளிபரப்பாகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அளந்ததற்கு மாறாக ஒன்றைக் காட்டுவது அவர் கணக்கில் குற்றம். கடையில் செய்தால் வழக்குப் போடுவார்கள்.

மனைவியிடம் மட்டும் முழுதையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அப்ப பாப்பாவுக்குத் தொப்பி இல்லையா?" என்றாள்.

"அது அடுத்த வருஷம் கிடைக்கும். போன பேரு அடுத்த வருஷம் கிடைக்குமா?"



இப்படித்தான் அன்று மாலை அவர்கள் எல்லோரும் முன்னறையில் கூடினார்கள். மகள் சுவரோரம் நின்றாள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் கணவர் காலை நீட்டிக்கொண்டார். "மச்சான், டிவில வர்றதுக்கு உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க? ஒரு பேண்டாவது வாங்கித் தந்தாங்களா, இல்ல இதே பேண்ட்தானா?"

"சும்மா இருங்க, ஆரம்பிச்சிருச்சு" என்றாள் அக்கா.

மகள் திரையில் பந்து வீசினாள். கோடுகள் சுழன்றன. நிபுணர் வாயைத் திறந்தார். "சுத்தமான வீச்சு" என்பது மட்டும் கேட்டது. எலும்பைப் பற்றி அவர் சொன்னது இல்லை. ஆய்வாளர் சட்டைக் கையைச் சுருட்டியது இல்லை. அச்சு அசல் என்றது இல்லை.

கேப்டன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "இவ அப்பா கையை நான் நேருக்கு நேரா பார்த்தவன். அவர் எறிஞ்சார். அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்."

உடனே ஆய்வாளரின் முகம் திரை நிறைய வந்தது. அழுதது. குலுங்கிக் குலுங்கி அழுதது. கோணலான இரண்டு கைகளையும் கூப்பியது. பின்னணியில் யாரோ வயலின் வாசித்தார்கள்.

முதல் தடவை அழுத அழுகையை இரண்டாம் தடவை கேட்ட சொல்லுக்கு ஒட்டியிருந்தார்கள். பார்த்தவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: கிழவன் ஒத்துக்கொண்டான், மன்னிப்புக் கேட்கிறான். கேப்டன் பெருந்தன்மையாக ஒரு தடவை தலையாட்டினார். பிறகு, "அப்பா வெச்ச கறையைத் துடைக்க வந்திருக்கா" என்று மகளின் தலையில் தொப்பியை வைத்தார். படப்பிடிப்பில் இல்லாத ஓர் அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.



முன்னறையில் முதலில் வாயைத் திறந்தவர் மளிகைக்கடைக்காரர். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் எழுந்துவந்து ஆய்வாளரின் கையைப் பிடித்து, "இதைப் பார்க்கத்தான் கூப்பிட்டீங்களா சார்? பெரிய மனசு உங்களுக்கு. ஈயத்துண்டு விஷயத்துல நானும் கோர்ட்டு வரைக்கும் இல்லேன்னு சாதிச்சவன்தான். ஒத்துக்கிட்டா எவ்வளவு லேசா இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றார்.

"வெளிய போய்யா" என்றார் தம்பி.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நானும் அவரும் ஒண்ணுதான்னு சொல்றேன்." கடைக்காரர் தெருவுக்குப் போனார். அவர் குரல் வாசலுக்கு வெளியே யாரிடமோ பேசத் தொடங்கிவிட்டது.

"ஏன்டா இப்படி அழுதே?" என்றாள் அக்கா. "அப்படியே எறிஞ்சிருந்தாலும் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா? நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு வெளியில போறது?"

"விடு, நல்லாத்தான் அழுதாரு. வயலினுக்குச் சரியா இருந்துச்சு" என்றார் அவள் கணவர்.

"இது ஒட்டு வேலை" என்று தம்பி எழுந்தார். "அண்ணா எனக்குத் தெரியும், உங்க கண்ணுல தண்ணி வந்து நான் பார்த்ததில்லை. ஏமாத்திட்டானுங்க. வக்கீலைப் பார்ப்போம். நிஜமா எடுத்ததைக் கொண்டு வரச் சொல்லுவோம். நம்ம புள்ளையும் அங்கதானே இருந்துச்சு, சாட்சி சொல்லட்டும்."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். சுவரோரம் அவள் இல்லை. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வாளர் எழுந்து சமையலறைக்குப் போனார். மகள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். காலுக்குப் பக்கத்தில் அவளுடைய விளையாட்டுப் பை, ஜிப் மூடியபடி இருந்தது. பயிற்சி முகாமுக்கான பை. தொப்பி கிடைக்காதவர்களுக்கு முகாம் கிடையாது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப?"

"அன்னைக்கே. அந்த டைரக்டர் அம்மா கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்க அப்பா எறியலைன்னு காட்டினா கதை அன்னைக்கே முடிஞ்சிரும், அப்புறம் உன்னை எதுக்கு உள்ள வெச்சிருக்கிறதுன்னு கேட்டாங்க. எறிஞ்சார்னா வாராவாரம் ஜனங்க உன் கையைப் பார்க்க வருவாங்கன்னாங்க. எதைப் போடலாம், நீயே சொல்லுன்னாங்க."

"நீ சொன்னே."

"ஆமா."

"என் கை அளந்தப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்." அவள் குரல் உயரவில்லை. "முதல் தடவை எனக்குத் தொப்பி இல்லைன்னு சொன்னாங்களே, அப்ப நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. அழுதுட்டிருந்தீங்க. எனக்காகவாப்பா அழுதீங்க?"

அவர் அந்தப் பையைப் பார்த்தார்.

"ஊரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வெச்சிருக்கீங்க. எதைப் பார்க்க? நான் தோத்துப் போறதைப் பார்க்க. ஒரு தடவையாவது அது உங்களுக்குத் தோணிச்சா? உங்க ஆட்டம் நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சுப்பா. எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

ஆய்வாளர் ஓர் அடி முன்னால் வந்தார். அறைவார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அவர் கையை உயர்த்தவில்லை. முன்னறைக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"கேட்டுக்கோ. உங்க சித்தப்பன் வக்கீல்கிட்டப் போனா எடுத்தது எல்லாம் வெளிய வரும். நீ தலையாட்டினதும் வரும். இந்த வீட்ல எறிஞ்சவன் ஒருத்தன் இருந்தான்னு ஊர் பேசிட்டுப் போகட்டும். அப்பனை வித்தவ ஒருத்தி இருந்தான்னு பேசக் கூடாது. நீ சொன்னதை இனி யாருகிட்டயும் சொல்லாதே. உங்க அம்மாகிட்டயும் சொல்லாதே."

"அப்பா..."

"பையை எடுத்துக்கோ. அந்தத் தொப்பியோட இந்த வாசப்படி ஏறாதே. தொப்பி இல்லாமயும் ஏறாதே."

முன்னறைக்குத் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முதுகு நேராக இருந்தது.

"வக்கீல் வேண்டாம்" என்றார். "அதுல எதையும் ஒட்டலை. நான் எறிஞ்சவன்தான். அதனாலதான் அழுதேன்."

தம்பியின் முகம் சுருங்கியது. அண்ணன் எறியவில்லை என்று சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர் அவர். செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் வரவில்லை.

நிகழ்ச்சி வாராவாரம் வந்தது. மகள் பந்து வீச வரும்போதெல்லாம் அப்பாவின் அழுகையை ஒரு தடவை போட்டுக் காட்டினார்கள். தெருப் பிள்ளைகள் அதே மாதிரி கைகூப்பி அழுது காட்டப் பழகிக்கொண்டார்கள். ஆய்வாளர் தினமும் அவர்களைத் தாண்டிப் பால் வாங்கப் போனார். மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

இறுதிக்கு ரொம்ப முன்னாலேயே மகள் தோற்றாள். அவள் பந்துகளை ஒரு பையன் தொடர்ந்து எல்லைக்கு வெளியே அடித்தான். கேப்டன் தொப்பிக்காகக் கையை நீட்டிக்கொண்டு, "உங்க அப்பாவுக்கு அழ வந்த அளவுக்கு உனக்குப் பந்து போட வரலையேம்மா" என்றார். அரங்கம் சிரித்தது. அவள் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாள். அழவில்லை. அதனால் கேமரா அவளிடம் அதிக நேரம் நிற்கவில்லை. வீட்டுக்கு அவள் வரவில்லை. வேறோர் ஊரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருவதாக மனைவிக்குத் தகவல் வந்தது. மனைவி அதைச் சொன்னபோது ஆய்வாளர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்தார்.

அதன்பின் ஒரு வதந்தி கிளம்பியது. அந்த நிகழ்ச்சியில் வேலை பார்த்த கேமராக்காரர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினாராம். அந்த அழுகை வேறு பேச்சுக்கு அழுத அழுகை, ஒட்டிவிட்டார்கள் என்று சொல்லித் திரிகிறாராம். அதற்குப் பெற்ற பெண்ணே சம்மதம் கொடுத்தாளாம். கடைகளில் பேசினார்கள். முடிவில் ஒரு பத்திரிகை நிருபர் வீடு தேடி வந்து வாசலில் நின்றார்.

"சார், அசல் பதிவு கேமராக்காரர்கிட்ட இருக்கு. கேப்டன் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டது, உங்க கையை அளந்தது, எல்லாம் இருக்கு. ஆமான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நாங்க வெளியிட்டுடுவோம். உங்க பேர் சுத்தமாயிரும்."

ஆய்வாளர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடங்கிய முழங்கை நிலையில் இடித்துக்கொண்டிருந்தது.

"என் பொண்ணைப் பத்தியும் வருமா?"

"அது வராம எப்படி சார்? அதுதானே செய்தி."

உள்ளே மனைவி தட்டுக் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"நீங்க கேட்டது தப்பான செய்தி" என்றார் ஆய்வாளர். "ஒட்டு வேலை எதுவும் நடக்கலை. என் மக யாருக்கும் எந்தச் சம்மதமும் குடுக்கலை. நான் எறிஞ்சேன்."